டிராகன் ஊரில் ஒரு நிஜ அழுகை

டிராகனின் சிறகு, அக்காவின் பழைய மழைக்கோட்டு. இந்த ரகசியம் மூன்றே பேருக்குத்தான் தெரியும்: அக்காவுக்கு, அவள் தம்பிக்கு, அவள் புருஷனுக்கு. அதில் புருஷன் போய் ஒரு வருஷம் ஆகிறது.

தம்பி ஒரு வீடியோ கேம் கம்பெனியில் சத்தம் செய்கிறவன். வாளும் மந்திரமும் பூதமுமாக ஓடுகிற கேம். படம் வரைகிறவர்கள் டிராகனை வரைந்து கொடுத்துவிட்டு ஹாயாகப் போய்விடுவார்கள். அது சிறகடித்தால் எப்படிக் கேட்கும் என்று இவன்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். வேலை கிடைத்ததிலிருந்து அக்கா வீட்டுப் பின்னறையில்தான் வாசம். உள்ளங்கையில் அடங்குகிற ரெக்கார்டரை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு பொருளை விட்டுவைக்கவில்லை. முட்டைக்கோஸைப் பிளந்தால் ஒரு கழுத்து வெட்டுப்படும். ஈரத்துணியைத் தரையில் அறைந்தால் பூதம் நடந்து வரும். பீரோ கதவின் கிறீச், சூனியக்காரி வீட்டுக் கதவு. எல்லாவற்றுக்கும் உதவியாள் அக்காதான். கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் ஊரார் மூக்குக்கு ஃபிரேம் சரிசெய்துவிட்டு வந்து, சாயங்காலம் பால்கனியில் மழைக்கோட்டை உதறிக்கொண்டு நிற்பாள். சிரிப்பை அடக்க முடியாமல் எத்தனையோ டிராகன்களைக் கெடுத்திருக்கிறாள்.

"சிரிக்காதக்கா. டிராகன் சிரிக்காது."

"நீ பாத்தியா?"

கூடவே நின்றதில் அவளுக்கும் கொஞ்சம் தொழில் ஒட்டிக்கொண்டது. பெரிய சத்தம் வரப்போகிறது என்றால் முன்கூட்டியே ரெக்கார்டரின் ஓரத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒலி உடைந்து கரகரவென்று ஆகிவிடும், குப்பையில்தான் போட வேண்டும். கட்டைவிரலால் தள்ளினால் அந்தச் சக்கரம் டிக், டிக் என்று நகரும். அக்கா பாத்திரத்தைக் கீழே போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் "குறைச்சிட்டியா?" என்று கேட்பாள். அவன் தலையாட்டிய பிறகுதான் போடுவாள்.

வீட்டுக்காரர் மச்சினனுக்கு 'ஒட்டுக்கேட்பு' என்று பெயர் வைத்திருந்தார். "மாப்ளே, என் குறட்டையைப் பிடிச்சு எந்த அரக்கனுக்காவது குடுத்துடாதப்பா. எனக்கு மானம் போயிடும்" என்பார்.

சாப்பாட்டு மேஜையில் தினமும் ஒரே பஞ்சாயத்துதான். தோல் உறையிலிருந்து வாளை உருவினால் நிஜத்தில் 'ஷிங்' என்று சத்தம் வராதாம். தம்பியின் டீம் லீடரோ, ஆடுகிறவனுக்கு ஷிங் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"டிராகன் பறக்கிற ஊர்ல வாளுறை மட்டும் நிஜமா இருக்கணுமான்னு கேக்கிறார் மாமா."

"நியாயம்தானே?"

"இல்ல மாமா. டிராகன் பொய்ங்கிறதாலதான் மத்ததெல்லாம் நிஜமா இருக்கணும். இல்லன்னா ஆடுறவன் எதை நம்பிப் பயப்படுவான்? எதை நம்பி அழுவான்?"

வீட்டுக்காரர் வம்புக்காகவே டீம் லீடர் பக்கம் பேசுவார். அக்கா எப்போதும் தம்பி கட்சி. அவன் சொன்னதை அவள் மனசார நம்பினாள்.

பிறகு அந்த மழைநாள் காலை. ஷூ போடக் கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார். மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று என்ன கத்தினோம், என்ன பேசினோம் என்று அக்காவுக்குச் சுத்தமாக நினைவில்லை. நினைவிருந்தது ஒன்றே ஒன்றுதான். பின்னாலிருந்து அவள் தோளில் வந்து விழுந்த தம்பியின் கை. பிறகு வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். அவன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தான். இந்த ஒரு வருஷத்தை அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டினாள். "என் தம்பி இல்லன்னா நான் இன்னிக்கு இல்ல" என்று கடைக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்.

கேம் வெளியாகி நல்ல பெயர் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். தம்பி கன்ட்ரோலரைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு முடிவெட்டக் கிளம்பினான். வாசலில் நின்று, "வடக்குப் பக்கம் மட்டும் போகாதக்கா. அங்க எல்லாம் பயங்கரமான ஆளுங்க. செத்துப் போயிடுவே" என்றான்.

முதல் அரை மணி நேரம் அவளுக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். சிறைக்காவலன் இடுப்பில் குலுங்கியது அவள் கடைச்சாவி. சூனியக்காரி கதவைத் திறந்தாள், அவள் பீரோ திறந்தது. உங்க வீட்டையே ஒரு ராஜ்ஜியமாக்கியிருக்கிறான் பாருங்க என்று மனசுக்குள் புருஷனிடம் சொன்னாள். அப்போது தலைக்கு மேலே படபடவென்று அவள் மழைக்கோட்டு பறந்தது. டிராகன்! அதை விட்டுவிட்டு எங்கே போவது? அண்ணாந்து பார்த்தபடி பின்னாலேயே ஓடினாள். அது வடக்கே போனது.

அங்கே ஓர் ஊர் எரிந்து கிடந்தது. பயங்கரமான ஆள் ஒருத்தரும் இல்லை. கருகிய வீட்டு வாசலில் ஒரு பெண் புருஷனை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

யாரோ நல்ல நடிகை என்றுதான் அக்கா முதலில் நினைத்தாள். அவரவர் அழுகை அவரவருக்கு எங்கே தெரிகிறது? ஆனால் அந்தப் பெண் மூச்சு இழுத்துக்கொண்டு சொன்னாள்: "காலை மூடுங்க. அவருக்குக் கால் குளிரும். யாராவது காலை மூடுங்களேன்."

வெயில் காலத்திலும் சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்குகிற மனுஷனை அக்காவுக்குத் தெரியும். நெருப்பில் வெந்தவனுக்குக் கால் குளிரும் என்று எந்த எழுத்தாளனும் எழுதமாட்டான். அழுகைக்கு அடியில் மெத்து மெத்தென்று இன்னொரு சத்தமும் கேட்டது. தோளைத் தட்டுகிற சத்தம். டிவியில் அந்தப் பெண் அழுது முடித்து, மறுபடியும் முதலிலிருந்து அழ ஆரம்பித்தாள்.

தம்பி வந்தபோது டிவி அணைந்திருந்தது. ஹெட்போன் அவள் கழுத்தில் தொங்கியது.

"வடக்கே போனேன்" என்றாள்.

அவன் முகம் செத்துப்போனது. "அக்கா, நான் வேணும்னு பண்ணல. பால்கனியில மழையைப் பிடிச்சிட்டிருந்தேன். நீ கத்தினதும் அப்படியே ஓடி வந்துட்டேன். கையில ரெக்கார்டர் ஓடிட்டிருக்கிறதே மறந்துபோச்சு. சத்தியமாக்கா."

மறந்துபோச்சு. அக்கா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் யாருக்குத்தான் புத்தி வேலை செய்யும்? அவளுக்கென்று மிச்சமிருப்பது இவன் ஒருத்தன்தான். இவனையும் விட்டுவிட்டு எங்கே போவாள்?

"சரி, மறந்துட்டே. அப்புறம் அதை எடுத்து அங்க ஏன்டா போட்டே?"

"எத்தனையோ நடிகைங்களைக் கூப்பிட்டோம். ஒருத்திக்கும் வரல. எல்லாம் பொய்யாவே இருந்துச்சு. இது நிஜம்க்கா. ஆடுறவங்க எல்லாரும் அந்த இடத்தைத்தான் பேசறாங்க. கால் குளிரும்ங்கிற வரியை அப்படிக் கொண்டாடறாங்க."

"யார் எழுதினதுன்னு சொன்னே?"

"நான்தான்னு."

அவன் உள்ளே ஓடி லேப்டாப்பை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான்.

"கேம்ல இருந்து எடுத்துடச் சொல்றேன். ஆனா இந்த ஒரிஜினலை அழிக்கச் சொல்லாதே. ஆரம்பத்துல மாமா குரல் இருக்குக்கா. கடைசியாப் பேசினது."

அந்தக் குரலுக்காக அவருடைய பழைய போனை ரிப்பேர்காரர்களிடம் தூக்கிக்கொண்டு அலைந்தவள் அவள். போகிற இடமெல்லாம் கூட வந்தவன் இவன்.

"இத்தனை நாள் ஏன்டா சொல்லல?"

"குடுத்தா மிச்சத்தையும் கேப்பியே."

அவள் ஹெட்போனைக் காதில் வைத்தாள். மழை பெய்தது. தூரத்தில் அவள் சமையலறையில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தாள், எதுவும் தெரியாதவளாக. பிறகு உள்ளேயிருந்து அவர்: "மாப்ளே, கதவைச் சாத்துப்பா. சாரல் அடிக்குது."

அவ்வளவுதான். அத்தனை சாதாரணம். கண்ணை மூடிக்கொண்டாள், நிறுத்தவில்லை. பொத்தென்று ஒரு சத்தம். அவள் அலறல். செருப்புக்கால் ஓடுகிற சத்தம். மழை பின்வாங்கியது, அவள் மூச்சு கிட்டே வந்தது. பெரிதாக அழப்போகிறவள் இழுக்கிற மூச்சு அது.

டிக். டிக். டிக்.

அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. தெளிவாக, முழுசாக, எங்கேயும் உடையாமல். அதற்கும் பிறகுதான் அந்தக் கை தோளில் விழுந்தது.

அக்கா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"நான் 'குறைச்சிட்டியா'ன்னு கேக்காமலே குறைச்சிருக்கேடா."

அவனுக்குப் புரிந்தது. அவள் தோள் பக்கம் கையை நீட்டினான். அவள் விலகி நின்றாள்.

"லேப்டாப் இங்கயே இருக்கட்டும். உன் துணிமணியை எடுத்துக்கோ. போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ."