கடல் பக்கத்து ஜன்னலில் மூன்று ஓட்டைகள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டாணி அளவு உருண்டை ஒன்றிலிருந்து. மொத்தம் மூன்று இருந்தன. ஒன்று இப்போது என் மேசைமேல், காலி உப்புக் கிண்ணத்தில் கிடக்கிறது. வியாழக்கிழமை காலை அதை முதன்முதலாகப் பார்த்தபோது [முதன்முதலாக இல்லை, இதை அப்புறம் சரிசெய்ய வேண்டும்] எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்றைக்குச் சனிக்கிழமை. இன்னும் ஒரு வரிக்கு மூன்று எழுத்துப்பிழை.

ஆரம்பத்துக்கு மூன்று வரைவு எழுதினேன்.

(அ) "ஒரிகன் கடற்கரையில் மழை என்பது" — வானிலை அறிக்கை மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

(ஆ) "ஒன்பது வருஷமாக ஆர்டிஸ், டூவேனோடு பேசவில்லை." — இது பரவாயில்லை. யாரோ இரண்டு பேருக்குள் பேச்சு இல்லை என்றால் வாசகர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். நானும் அப்படித்தான்.

(இ) "அன்றைக்கு அந்த எறும்புகளை மட்டும் நான்"

(ஆ)-வையே வைத்துக்கொள்வோம்.

2

ஒன்பது வருஷமாக ஆர்டிஸ், டூவேனோடு பேசவில்லை. இத்தனைக்கும் சக்கர வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் டிரெய்லர் பார்க்கில் இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது நாற்பது அடி சரளைப் பாதைதான். துணி துவைக்கும் அறையில் அவர் இருந்தால், இவள் ஈரத்துணிக் கூடையோடு வெளியே மழையில் நிற்பாள். துவைத்த துணி இன்னொரு முறை நனையும். நனையட்டும் என்பாள்.

ஆர்டிஸுக்கு எழுபத்தொன்று. அவள் கணவன் மெர்ல், 1968-ஆம் வருஷத்து அலுமினிய டிரெய்லர் ஒன்றைக் கோழிக்கூண்டு நிலைமையில் வாங்கி வந்து, பத்து வருஷம் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தான். படுக்கைக்கு நேர்மேலே பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற ஜன்னல். அதில் முழுக்கக் கடல்.

மெர்லுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்த மாதம், அவனுடைய உயிர்ச் சிநேகிதர் டூவேன் வந்து எட்டு ஜன்னல்களையும் கழற்றி, பழைய பட்டியைச் சுரண்டி, புதிதாக, பிசின் மாதிரி ஒட்டும் சாம்பல் நிறப் பட்டி நாடா வைத்து, தண்ணீர் புகாமல் அடைத்துக் கொடுத்தார். பரிசு. டூவேன் என்றால் ஜன்னல், ஜன்னல் என்றால் டூவேன். ஐம்பது மைல் சுற்றளவில் பழைய டிரெய்லர் எது ஒழுகினாலும் அவருக்குத்தான் போன் வரும். பட்டி நாடாதான் வைப்பார். சிலிக்கான் பசைக் குழாயைக் கண்டால் முகம் சுளிப்பார். பழைய டிரெய்லர்க்காரர்கள் நடுவில் சிலிக்கான் பூசியவனுக்குப் பந்தியில் இடம் கிடையாது. ஒருமுறை பூசினால் அப்புறம் அந்த இடத்தில் எதுவுமே ஒட்டாது என்பது அவர்கள் கட்சி.

பிறகு ஐந்து வாரம் மெர்லும் ஆர்டிஸும் போர்ட்லண்டில், மருத்துவமனையில். இங்கே ஐந்து வாரமும் மழை.

"இனி ஒண்ணும் செய்யறதுக்கு இல்லை, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பினார்கள். மெர்ல் ஒன்றே ஒன்று கேட்டான். அந்தப் படுக்கையில் படுத்து, அந்த ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர வேண்டும். அவனைக் காரிலேயே கம்பளியைப் போர்த்தி உட்காரவைத்துவிட்டு ஆர்டிஸ் கதவைத் திறந்தாள். உள்ளே மெத்தை ஊறிக் கிடந்தது. சுவர்ப்பலகை கறுத்து உப்பியிருந்தது. விரலால் தொட்டாள். டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி உள்ளே போனது விரல்.

நெடுஞ்சாலை ஓரத்து லாட்ஜில் பத்தொன்பது நாள் கிடந்து மெர்ல் போனான். அடக்கம் முடிந்து எல்லோரும் தட்டும் கையுமாக நின்றிருந்தபோது ஆர்டிஸ் சொன்னாள்:

"உன் கையால அடைச்ச ஜன்னல், டூவேன். என் புருஷன் கடைசியாப் பாத்தது லாட்ஜ் குப்பைத்தொட்டி."

டூவேன் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு யாரும் அவரை ஜன்னல் வேலைக்குக் கூப்பிடவில்லை. 'ஒழுகல் டூவேன்' என்ற பெயர் மட்டும் நிலைத்தது.*

* இந்தப் பட்டப்பெயரை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. [தெரியும்.]

3

கதையின் இந்த இடத்தில் துணைப்பாத்திரம் ஒன்று குறுக்கே நிற்கிறது. ஆர்டிஸின் எதிர் டிரெய்லர்க்காரி. ஜன்னல் திரையை எப்போதும் இரண்டு விரல் அகலத்துக்கு விலக்கியே வைத்திருப்பவள். பார்க்கில் யார் வீட்டுக்கு எந்தக் கார் வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்பதெல்லாம் அவளிடம் கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டாலும் கிடைக்கும். அந்த ஐந்து வாரம் ஆர்டிஸ் வீட்டுச் சாவி அவளிடம்தான் இருந்தது. பூனைக்குச் சோறு வைக்க.

இவள் கதைக்குத் தேவையா? முதல் வரைவில் தூக்கிவிட்டேன். அப்போதும் கதை நன்றாகத்தான் இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான்.

4

அந்த ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டு ஒன்பது வருஷமாக எதிர்ப்பக்கத்து பெஞ்சில் தூங்கினாள் ஆர்டிஸ். பலகை அடித்த ஜன்னல் கூடாது என்று பார்க்கின் புது ஓனர் கடிதம் போட்டார். வியாழன் காலை பலகையைப் பிடுங்கிவிட்டு, ஜன்னலைக் கழற்ற அவளே திருப்புளியும் கையுமாக இறங்கிவிட்டாள். மூன்றாவது திருகாணி சுற்றியது, வரவில்லை. சட்டத்தை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். முதுகுக்குப் பின்னால் குரல்.

"தள்ளு. அதோட தலை தேஞ்சுபோச்சு. நீ திருகத் திருக இன்னும் மொழுக்குன்னு ஆயிடும்."

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு இது. ஆர்டிஸ் திருப்புளியை விடவில்லை. திரும்பவில்லை. திரும்பினால் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"யார் கூப்பிட்டா உன்னை?"

"யாரும் கூப்பிடல. ஞாயித்துக்கிழமை ஐடஹோவுக்குப் போறேன், பொண்ணு வீட்டுக்கு. திரும்பி வரமாட்டேன். போறதுக்கு முன்னாடி நான் என்ன தப்புப் பண்ணேன்னு ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன், ஆர்டிஸ். அப்புறம் திட்டிக்கோ."

"அப்புறம் எதுக்கு? இப்பவே திட்டறேன்."

"சரி. திட்டிக்கிட்டே அந்த ஓரத்தைப் பிடி."

பிடித்தாள். அவர் திருகாணியைத் துளைத்து எடுத்தார். மெல்லிய தகட்டுக் கத்தியைச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் விட்டு, அலுமினியம் வளையாமல், விரல் விரலாக நகர்த்தினார். கை நடுங்கும் மனிதர், கத்தி நடுங்கவில்லை. சட்டம் கையோடு வந்தது. ஓரத்திலிருந்த பட்டியைக் கிள்ளி உருட்டிப் பார்த்தார்.

"ஒன்பது வருஷம். இன்னும் சூயிங்கம் மாதிரி இருக்கு."

"அப்போ தண்ணி எப்படி வந்துச்சு? மெர்ல் அழுதானா?"

டூவேன், ஜன்னல் திறப்பைச் சுற்றிய மரத்தில் மேல் கட்டையைத் தட்டினார். காய்ந்த மரம், டக் டக் என்றது. பக்கக் கட்டைகள், டக் டக். கீழ்க் கட்டை மட்டும் சத்தமே இல்லாமல் உதிர்ந்தது.

"சட்டத்தைச் சுத்தித் தண்ணி வரல, ஆர்டிஸ். சட்டத்துக்குள்ளேயிருந்து வழிஞ்சிருக்கு."

[இங்கே ஒரு குறுக்கீடு. தள்ளித் திறக்கிற ஜன்னலின் அடிச்சட்டத்தில், வெளிப்பக்கமாக, சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி ஓடும் பள்ளத்தில் தேங்குகிற மழைத்தண்ணீர் அது வழியாகத்தான் வெளியே சொட்டும். அதை அடைத்தால் பள்ளம் நிரம்பித் தண்ணீர் வீட்டுக்குள் வழியும். இதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வீப் ஹோல்'. அழும் ஓட்டை. சத்தியமாக நான் வைத்த பெயர் இல்லை. அழும் ஓட்டையாம், அதை அடைத்துவிட்டார்களாம் என்று நீங்கள் உதட்டைப் பிதுக்குவது இங்கே தெரிகிறது. எந்த ஹார்டுவேர் கடையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எனக்கே வியாழக்கிழமைதான் தெரியும்.]

டூவேன் சட்டத்தைக் கவிழ்த்தார். மூன்று ஓட்டைகள். மூன்றும் அடைத்திருந்தன. மஞ்சளாக.

"என்னது இது, கடுகு சாஸா?" என்றாள் ஆர்டிஸ்.

அவர் கத்தி முனையால் ஒன்றை நெம்பி எடுத்தார்.

"சிலிக்கான்." சர்ச்சுக்குள் கெட்ட வார்த்தை பேசுகிற குரலில் சொன்னார். "நான் சிலிக்கானைத் தொட்டதே இல்லை. உனக்கே தெரியும்."

"தெரியும்."

கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் ஆர்டிஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வருஷம் நனைத்த துணிகள் எல்லாம் ஒரே சமயத்தில் மடியில் விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ நீ இல்ல."

"நான் இல்ல."

"நீயும் இல்லன்னா..." அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "மெர்ல்! கிளம்பற அன்னிக்குக் காலைல இந்த ஜன்னல்கிட்ட எதையோ நோண்டிக்கிட்டே இருந்தான். டூவேன், அந்த முட்டாள்தான் அடைச்சிருக்கான். தன் படுக்கையைத் தானே நாசம் பண்ணிட்டு, குப்பைத்தொட்டியைப் பாத்து அழுதிருக்கான். நான் ஒன்பது வருஷமா உன்னை..."

டூவேன் அந்த உருண்டையை இரண்டு விரலால் நசுக்கி, மூக்கருகே கொண்டுபோனார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எதிர் டிரெய்லர்க்காரி அப்போதுதான் காப்பி பிளாஸ்க்கோடு வந்து நின்றாள். [அப்போதுதான் இல்லை. திருகாணி சுற்றியபோதே வந்துவிட்டாள்.]

"ஏய் கோமா," என்றாள் ஆர்டிஸ், "அந்த அஞ்சு வாரம் சாவி உன்கிட்டதானே இருந்துச்சு? யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலையே," என்றாள் அவள்.

அது பொய் இல்லை. உள்ளேயே இருந்தவள் எப்படி வந்தவள் ஆவாள்?

5

கோமளவல்லி. ஆர்டிஸ் வாயில் கோமா. எதிர் டிரெய்லர்க்காரி நான்தான். மஞ்சள் என்றதுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். தமிழில் எழுதுவதில் இந்தச் சங்கடம் இருக்கிறது.

அவர்கள் போன முதல் வாரமே, கடல் பக்கத்து ஜன்னல் ஓட்டைகள் வழியாக எறும்புச் சாரி பூனைத் தட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நோயாளி திரும்பி வரப்போகிற வீடு, சுத்தமாக இருக்க வேண்டாமா? குளியலறைக்கு வாங்கின சிலிக்கான் மீதி இருந்தது. எறும்புக்கு மஞ்சள் ஆகாது என்று எங்கள் வீட்டில் மூலைக்கு மூலை தூவுவோம். ஒரு கரண்டி மஞ்சள்தூள் போட்டுக் குழைத்து, ஓட்டைக்கு ஒன்றாக மூன்று உருண்டை அடைத்தேன். மறுநாள் எறும்பு இல்லை. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். அன்றைக்கே பூனையை என் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டதால், அதற்கப்புறம் அந்தக் கதவைத் திறக்கவும் இல்லை.

'ஒழுகல் டூவேன்' நான் வைத்த பெயர்தான். துணி துவைக்கும் அறையில் வைத்தேன். நன்றாகச் சிரித்தார்கள்.

தண்ணீர் அதனால் வந்தது என்று எனக்குத் தெரியாது. [இந்த வரியை நான்கு முறை அடித்து நான்கு முறை திரும்ப எழுதினேன். உண்மைதான், தெரியாது. ஆனால் ஊர் ஜன்னலையெல்லாம் எட்டிப் பார்த்த நான், என் கையை ஒரு தடவை]

6

முடிவுகள்.

ஒன்று: நான் சொல்கிறேன். ஆர்டிஸ் இனி நான் இருக்கும்போது துணி துவைக்கும் அறைக்கு வெளியே நிற்கிறாள். நல்ல முடிவு. என்னால் எழுத முடியவில்லை.

இரண்டு: சொல்லவில்லை. டூவேன் பெயர் துலங்கிவிட்டது. நிம்மதியாக ஊருக்குப் போகட்டும். பழி மெர்ல்மேல். செத்தவனுக்கு வலிக்காது. இதைத்தான் வியாழன் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஆர்டிஸ் வீட்டுக்குப் போகும்வரை. டூவேன் கீழ்க் கட்டைக்குப் புது மரம் வைத்துக்கொண்டிருந்தார். அலமாரிமேல் இருந்த மெர்ல் போட்டோவை அவள் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"அவன் மூஞ்சில முழிக்கப் பிடிக்கல," என்றாள்.

மூன்று: டூவேனுக்குத் தெரியும். இது நான் கற்பனை செய்த முடிவு இல்லை. இன்று காலை என் படியில், காகிதக் கைக்குட்டையில் மடித்து, ஒரு மஞ்சள் உருண்டை இருந்தது. பதினோரு வருஷமாகப் பார்க் விருந்துகளில் என் எலுமிச்சை சாதத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிய ஒரே ஆள் அவர். என் பெயரை முழுசாகச் சொல்லும் ஒரே ஆளும். லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்.

"ஐடஹோவுல எலுமிச்சை சாதம் கிடைக்காது, கோமளவல்லி."

அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கப் போய்விட்டார். ஒன்பது வருஷம் எல்லோர் வாயிலும் விழுந்த மனிதர். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை.

7

ஜன்னல் மாட்டியாகிவிட்டது. புதுப் பட்டி, புதுத் திருகாணி, மூன்று ஓட்டைகளும் திறந்து. இனித் தண்ணீர்ச் சோதனை. ஒருவர் வெளியே நின்று குழாயால் பீய்ச்ச, இன்னொருவர் உள்ளே படுக்கைமேல் உட்கார்ந்து ஒழுகுகிறதா என்று சொல்ல வேண்டும்.

"கோமா! எழுதிக் கிழிச்சது போதும். வா, உள்ள உக்காரு. உன் கண்ணுக்குத் தப்பி ஒரு சொட்டு வந்துடுமா?"

கூப்பிடுகிறாள். போக வேண்டும். அதனால் நடக்கப்போவதை முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். படுக்கைமேல் மண்டிபோட்டு உட்காருவேன். எதிரே கடல். இடது கைப்பக்கம், முகத்தைத் திருப்பிக்கொண்ட மெர்ல். கண்ணாடிமேல் தண்ணீர் அடிக்கும். அதற்குப் பின்னால் ஆர்டிஸின் முகம் கலங்கலாகத் தெரியும். "ஏதாவது வருதா?" என்று கத்துவாள். குழாய்ச் சத்தத்தில் அவளுக்குக் காது கேட்காது. நான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும். லாரியில் பெட்டி ஏற்றும் டூவேன் காதிலும் விழும்.

நான் சொல்லப்போவது

கதவைத் திறந்துவிட்டேன். கிண்ணம் மேசைமேல்தான் இருக்கும். உருண்டையைக் கையோடு எடுத்துப் போனேனா, விட்டுவிட்டுப் போனேனா என்று நான் அந்தப் பக்கம் போனதும் எட்டிப் பாருங்கள். வெட்கப்படாதீர்கள். இவ்வளவு தூரம் படித்துவிட்டு, எட்டிப் பார்க்கிற பழக்கம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.