விலை சொல்லாத வண்டி

கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் அவள். கறுப்பு ஷூவைக் காணோம். கூடத்தில் கணவர் புதுச் சட்டையோடு கிடத்தப்பட்டிருந்தார், காலில் சாக்ஸ் மட்டும்.

"விடும்மா. ஷூ இல்லாமலே போகட்டும்," என்றான் மகன்.

"அதெப்படிடா?"

பிறகுதான் உறைத்தது. ஷூ கார் ஷோரூமில் இருக்கும். நேற்று மதியம் அங்கேதான் அவர் சரிந்து விழுந்தார்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை ஓட்டிப் பார்த்து விலை மதிப்பது அவர் வேலை. வெறுங்காலோடுதான் ஓட்டுவார், பெடல் பேசுவது உள்ளங்காலுக்குத்தான் கேட்குமாம். ஷூவை மாட்டுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "சிவப்பு மாமியார் மாதிரி. ஸ்டியரிங்கைத் தொட்டாலே சிலிர்த்துக்கும். ஆனா வளைவுல கைவிடாது. கேட்ட விலை குடுக்கலாம்." "நீலம் சம்பந்தி மாதிரி. சீட்டு, சத்தம் எல்லாத்துலயும் மரியாதை. ரோட்டுல என்ன இருக்குன்னு மட்டும் கைக்குச் சொல்லாம மறைச்சுடும். பாதி விலை போதும்." ஒரு மஞ்சள் வண்டி தங்கச்சி மாப்பிள்ளையாம்: கிளம்பும்போது ஒரே ஆர்ப்பாட்டம், மேடு வந்தால் மூச்சு வாங்கும்.

சொந்தபந்தமெல்லாம் காராக வந்து போயிற்று. இருபத்தெட்டு வருஷத்தில் பெண்டாட்டி மாதிரி ஒன்றுகூட வரவில்லை. ஒருமுறை வாய்விட்டே கேட்டாள். "வந்தா சொல்றேன்," என்று சிரித்து மழுப்பிவிட்டார். நம் மதிப்பு அவ்வளவுதான் என்று அன்று மனசு வலித்தது. இன்றைக்குப் போய் அது நினைவுக்கு வருகிறதே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. குள்ளமான ஷோரூம் முதலாளி ஷூவைக் கையில் ஏந்தியபடி வந்தார்.

"மன்னிச்சுக்கங்க அண்ணி. பதட்டத்துல வண்டிக்குள்ளயே விட்டுட்டோம்."

"கடைசியா எதை ஓட்டினாரு?"

"இதோ, நான் வந்த சாம்பல் கலர் வண்டிதான். ரெண்டு சீட்டு, ரொம்பப் பழசு. யாரும் சீந்தாம ஓரமா கெடந்துச்சு. ஒரு ரவுண்டுன்னு போன அண்ணன் ஒரு மணி நேரம் கழிச்சு வந்தாரு. வந்தும் இறங்கல. 'என்ன மாதிரிண்ணே?'ன்னு கேட்டேன். 'முதல்ல அவகிட்ட சொல்லிட்டு வர்றேன், விலையெல்லாம் அப்புறம்'னாரு. ஷூவை எடுக்கக் குனிஞ்சவருதான்…"

முதலாளி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சீட்டை நகர்த்தக்கூட மனசு வரல அண்ணி. நுனியில உக்காந்துதான் ஓட்டிட்டு வந்தேன்."

அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். ஷூவை அவருக்கு மாட்டி, நாடாவை நிதானமாக முடிந்தாள். பிறகு செருப்பைத் தேடாமல் வாசலுக்குப் போய், ஸ்டியரிங் பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது.

முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிப் பார்த்தாள். பெடல் ஒரு சாண் தள்ளி இருந்தது.

"சீட்டை முன்னாடி இழுத்து விடட்டுமாம்மா?" என்றான் பின்னால் வந்த மகன்.

"வேண்டாம்டா. இருக்கட்டும்," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.