அரை மூடி

மூடியக்கா முழங்காலுக்கு அடியில் காலி உரச் சாக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு தொட்டி வரிசையின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாயிரம் தொட்டி, எல்லாவற்றிலும் ஹாலி செடி. நர்சரியில் யார் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்? இலை ஓரமெல்லாம் முள்ளாக இருப்பதால் குத்துச்செடி என்றுதான் பேச்சு. போன வாரம்வரை கரும்பச்சையாக மினுமினுத்தவை இப்போது ஓரம் கருகிச் சுருண்டு கிடந்தன.

உரம் போடுவது அவள் வேலை. ஷாம்பு பாட்டில் மூடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பாள். நீல டிரம்மிலிருந்து அள்ளித் தொட்டிக்கு ஒரு மூடி. பேரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். ஷெட்டுச் சுவரில் தகரப் பலகை மாட்டி, 'தொட்டிக்கு ஒரு மூடி' என்று சிவப்புப் பெயின்டில் எழுதியே வைத்திருந்தார்கள். ஒன்பது வருஷத்தில் அவள் ஒரு குருணை கூடப் போட்டதுமில்லை, குறைத்துப் போட்டதுமில்லை.

சூப்பர்வைசர் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. உரத்தை வாரிக் கொட்டிச் செடியைக் கருக்கிவிட்டாள், சனிக்கிழமையோடு நின்றுகொள்ளட்டும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். வீட்டில் புருஷன் இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கை. இந்த வேலையும் போனால் அடுப்பு எரியாது.

அப்போதுதான் சாக்கை இழுத்து நகர்த்திப் போட்டாள். உர மூட்டையில் மூன்று எண் இருக்கும், முதல் எண் தழைச்சத்து. இத்தனை வருஷமாக முழங்காலடியில் அவள் பார்த்தது இருபத்திமூன்று. இதில் நாற்பத்தாறு என்றிருந்தது, அப்படியே இரண்டு மடங்கு. அடப்பாவி! ஸ்டோர்காரர் புது மூட்டையைப் பிரித்துப் பழைய டிரம்மிலேயே கொட்டியிருக்கிறார். வெள்ளைக் குருணைக்கு வெள்ளைக் குருணை, யார் கண்டார்கள்?

சாக்கைத் தூக்கிக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போனாள். சூப்பர்வைசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செடி ஏத்த லாரி வர நாலு வாரம் இருக்கு சார். என்கிட்ட விடுங்க, பொழைக்க வைக்கிறேன்."

"பொழைச்சா நீ இருக்கலாம்" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

அவளும் அதே நர்சரியில் வேலை பார்க்கும் அவள் நாத்தனாருமாக இறங்கினார்கள். அடித்துளையில் ஒழுகும்வரை ஒவ்வொரு தொட்டிக்கும் தண்ணீர் விட்டு, வடியவிட்டு, மறுபடி விட்டு, மூன்று முறை உரத்தைக் கழுவி வெளியேற்றினார்கள். பிறகு கருகிய இலைகளைக் கையால் கிள்ளினார்கள். இரண்டாவது நாளே கையுறை விரல்கள் கிழிந்துவிட்டன.

"பொழைக்க வைக்க வந்தவளையே குத்துதே அண்ணி" என்றாள் நாத்தனார்.

"சூப்பர்வைசரப் பாத்து வளந்த செடிதானே" என்றாள் மூடியக்கா. அன்றைக்குப் பூராவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மூன்றாம் வாரம் நுனிகளில் இளம்பச்சை எட்டிப் பார்த்தது. மூடியக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த உரத்துக்கு இனி அரை மூடிதான், அதுவும் செடி தேறிய பிறகுதான் என்று சூப்பர்வைசரிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார். நாற்பது தொட்டிதான் பட்டுப்போயிற்று, மற்றதெல்லாம் தேறிவிட்டது.

லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவளை ஷெட்டுக்குக் கூப்பிட்டார். கையில் ஒரு தாள். பலகையில் உள்ளதை மீறிக் கவனக்குறைவால் இரண்டு மடங்கு உரம் போட்டேன் என்று டைப் அடித்திருந்தது. பட்டுப்போன நாற்பதுக்கு மேலிடத்தில் பதில் கேட்கிறார்களாம்.

"பொழைச்சா இருக்கலாம்னு சொன்னீங்களே சார்?"

"இப்பவும் அதான் சொல்றேன். கையெழுத்துப் போட்டுட்டு இரு."

"நான் எதை மீறினேன்? பலகையில ஒரு மூடின்னுதானே இருக்கு?"

"நல்லாப் பாரு."

நிமிர்ந்து பார்த்தாள். 'தொட்டிக்கு அரை மூடி' என்றிருந்தது. ஒரு நிமிஷம் அவளுக்கே தன் கண்மேல் சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்தில் போய் 'அரை'யின்மேல் விரலை வைத்தாள். விரல் நுனி சிவப்பாக வந்தது. செடி தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"இன்னும் காயல சார்" என்றாள். அவர் நீட்டிய பேனாவை அவள் வாங்கவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு எப்போதும்போல வந்தாள். லிஸ்டில் பேர் இல்லையே அக்கா என்று வாட்ச்மேன் சங்கடப்பட்டார். பரவாயில்லை, பேர் வரும்வரை நிற்கிறேன் என்று கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். உள்ளே போன நாத்தனார் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். உரம் போடச் சொல்லி அவள் கழுத்தில் மாட்டிவிட்டிருந்த புது மூடியைக் கழற்றி கேட் கம்பியில் தொங்கவிட்டு அண்ணி பக்கத்தில் வந்து நின்றாள்.

கம்பி வழியாகப் பலகை தெரிந்தது. அதில் பெயின்ட் நன்றாகக் காய்ந்துவிட்டிருந்தது. எத்தனை சோப்புப் போட்டும் மூடியக்காவின் விரலில் இருந்த சிவப்பு மட்டும் போகவில்லை.