இரண்டாயிரம் துணிப்பைகள்

ஒரே வாரத்தில் இணையத்தில் நூறு பேருக்கு மேல் சித்ராதேவியைப் பொய்க்காரி என்று எழுதினார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. போட்டிக் கம்பெனி அனுப்பிய ஆள் என்றார்கள் சிலர். கட்டிய பணத்தைத் திரும்பப் பிடுங்க நாடகம் ஆடுகிறாள் என்றார்கள் வேறு சிலர். சேலத்துக்காரர் ஒருவர், திருப்பூரில் பனியன் தைக்கிறவளுக்கு போர்டு கேம் எதற்கு என்று கேட்டிருந்தார். அதற்கு நாற்பத்து மூன்று பேர் சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள்.

சித்ராதேவி விளாத்திகுளம் பக்கத்துக்காரி. பத்தொன்பது வயதில் திருப்பூருக்கு வந்து, தைத்த உருப்படிகளில் குறை தேடும் செக்கிங்கில் சேர்ந்து, தையல் பழகி, பன்னிரண்டு வருடமாகக் கந்தப்பனின் பனியன் கம்பெனியில் இருந்தாள். இப்போது சாம்பிள் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து ஒரு சட்டையின் வரைபடம் வந்தால், அதைப் பார்த்து முதல் உருப்படியை வெட்டித் தைத்துக் காட்டுவது அவள் வேலை.

பலகையும் அட்டைகளும் பரப்பி ஆடும் இந்த போர்டு கேம் பழக்கத்தை அவளுக்கு ஏற்படுத்தியவன் சுரேஷ். சாத்தூர்க்காரன், முன்பு அதே கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் அவனும் அவன் மனைவி ஆஷாவும் ஏதோ அட்டைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தார்கள். சித்ராதேவியும் உட்கார்ந்தாள், தோற்றாள், இன்னொரு ஆட்டம் ஆடாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். அதன் பிறகு எந்த ஞாயிறும் தவறியதில்லை.

சுரேஷ்தான் இணையத்தில் கூட்டுநிதித் தளத்தையும் காட்டினான். அங்கே விற்கப்படும் விளையாட்டு இன்னும் பிறந்திருக்காது. தயாரிப்பவர் படங்களைக் காட்டுவார், விதிகளைச் சொல்வார், இத்தனை லட்சம் சேர்ந்தால் செய்து தருகிறேன் என்பார். சேராவிட்டால் பணம் திரும்பி வந்துவிடும். சேர்ந்துவிட்டால் ஒரு வருடமோ இரண்டு வருடமோ காத்திருக்க வேண்டும். வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். சித்ராதேவி அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுத்தான் பணம் கட்டினாள். கடைசி நாளில் எண்ணிக்கை ஏறுவதைப் பார்ப்பது அவளுக்குப் போதை மாதிரி இருந்தது. டீ இடைவேளையில் கைபேசியை எடுத்து எடுத்துப் பார்ப்பாள். இலக்கைத் தாண்டும்போது, முகம் தெரியாத ஆயிரம் பேரோடு சேர்ந்து தானும் எதையோ தூக்கி நிறுத்திவிட்டதாக நெஞ்சு நிறையும். ஏழு விளையாட்டுகளுக்குக் கட்டியதில் ஐந்து நல்லபடியாக வந்தன. ஒன்று மழையில் நனைந்து அட்டைகள் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னொன்று வரவே இல்லை. ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் இருந்தவள், எட்டாவது விளையாட்டுக்குப் பணம் கட்டினாள்.

அந்த எட்டாவதுதான் ‘மலைச்சந்தை’. கோயம்புத்தூர் ராஜ்கமல் என்பவர் உருவாக்கியது. ஆடுகிறவர்கள் மலை வியாபாரிகள். ஏலக்காய், மிளகு, காப்பி என்று நிறம் நிறமான மரக்கட்டைகளை ஒரு துணிப்பையிலிருந்து பார்க்காமல் எடுத்து ஏலம் கேட்க வேண்டும். சுரேஷும் கட்டியிருந்தான்.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை, கம்பெனி மெயிலில் ஒரு சுருக்குப்பையின் வரைபடம் வந்தது. மூலையில் மலைச்சந்தையின் முத்திரை. இரண்டாயிரம் பைகள் தேவைப்படும், முதலில் ஆறு சாம்பிள் அனுப்புங்கள் என்று ராஜ்கமல் கேட்டிருந்தார். சித்ராதேவி அதை எந்த டெய்லரிடமும் கொடுக்கவில்லை. தானே உட்கார்ந்தாள். வரைபடத்தில் சொன்ன துணி மெல்லியது. உள்ளே இருக்கும் கட்டையின் நிறம் வெளியே தெரிந்துவிட்டால் ஆட்டமே கெட்டுவிடும் என்று கனமான துணிக்கு மாற்றினாள். கயிறு ஓடும் மடிப்பைப் பழுப்பு நூலில் தைத்துக்கொண்டு வந்தவளுக்கு ஆறாவது பையில் நூல் தீர்ந்துவிட்டது. சாம்பிள்தானே என்று கறுப்பு நூலில் முடித்தாள். தான் பணம் கட்டியவள் என்பதை ராஜ்கமலுக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சுரேஷ் வீட்டில் மட்டும் சொன்னாள். ஆஷா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

பை பிரமாதம், அடுத்த வாரம் ஆர்டர் வரும் என்று ராஜ்கமல் பதில் எழுதினார். வரவில்லை. நான்கு மாதத்தில் இரண்டு முறை, அடுத்த மாதம் உறுதி செய்கிறோம் என்று மெயில் வந்தது. இரண்டாவது மெயில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

வியாழக்கிழமை, பணம் கட்டியவர்கள் எல்லோருக்கும் நிலவரம் சொல்லும் பதினான்காம் அப்டேட் வந்தது. அச்சு வேலை முடிந்தது, திருப்பூரில் இரண்டாயிரம் பைகளும் தைத்துத் தயாராக இருக்கின்றன என்று எழுதி, ஒரு படமும் போட்டிருந்தார் ராஜ்கமல். சித்ராதேவி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முன்னால் ஒரு பை, அதன் மடிப்பில் கறுப்பு நூல். சுற்றிலும் ஐந்து பைகள். பின்னால் வெறும் அட்டைப்பெட்டிகள்.

அவள் முதலில் ராஜ்கமலுக்குத் தனிச்செய்திதான் அனுப்பினாள். இந்தக் கம்பெனியில் இருக்கிறேன், பைகள் தைக்கப்படவில்லை என்று எனக்குத் தெரியும், நீங்களே திருத்திவிடுங்கள் என்று மரியாதையாகக் கேட்டாள். மூன்று நாள் பதில் இல்லை. அதற்குள் அந்த அப்டேட்டைப் பார்த்து, பணத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள். தவறவிட்டவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு என்று, பணம் கட்டும் கதவை ராஜ்கமல் மறுபடி திறந்தார். புதிதாக இருநூறு பேர் கட்டினார்கள். இந்த முறை அந்த எண்ணிக்கை ஏறுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அப்போதுதான் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதினாள்: ‘நானும் இதற்குப் பணம் கட்டியவள். சாம்பிள் தைத்த திருப்பூர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். படத்தில் இருப்பவை அந்த ஆறு சாம்பிள்கள்தான், இரண்டாயிரம் பைக்கு இன்னும் துணிகூட வெட்டவில்லை.’

பத்து நிமிடத்தில் முதல் வசை வந்தது. சாயங்காலத்துக்குள் எண்ணி முடியவில்லை. ஆதாரம் காட்டு என்றார்கள். செவ்வாய்க்கிழமை மெயில் அவளிடம் இருந்தது. ஆனால் அது கம்பெனியின் கடிதம், அதை வெளியே போட அவளுக்கு மனம் வரவில்லை. அதிருப்தியில் இருக்கும் ஒரு ஊழியர் பேசுகிறார், பைகள் வேறு இடத்தில் தைக்கப்பட்டன என்று ராஜ்கமல் எழுதினார். எந்த இடம் என்று அவள் கேட்டாள். கேட்டவளைத்தான் திட்டினார்கள். ஒரு வருடத்துக்கு மேலாகக் காத்திருந்தவர்களுக்கு, விளையாட்டு வரும் என்று சொன்னவர் நல்லவராகவும் வராது போலிருக்கிறது என்று சொன்னவள் எதிரியாகவும் தெரிந்தார்கள்.

சித்ராதேவி சுரேஷைக் கூப்பிட்டு, அவள் சொல்வது நிஜம், எனக்குத் தெரியும் என்று ஒரே ஒரு வரி எழுதச் சொன்னாள். எழுதுகிறேன் என்றான். மறுநாளும் அதற்கு மறுநாளும் பார்த்தாள். அவன் பெயர் அங்கே இல்லை.

புதன்கிழமை மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபோது கைபேசி அடித்தது.

“சித்ராதேவிங்களா? ராஜ்கமல் பேசறனுங்க.”

குரல் இதமாக இருந்தது. அச்சகத்தில் விலை ஏறிவிட்டது, பாதி வேலை நிற்கிறது, புதிதாகக் கட்டுகிறவர்களின் பணம் வந்தால்தான் முடிக்க முடியும் என்று பொறுமையாக விளக்கினார். உண்மையைச் சொன்னால் எல்லோரும் பணத்தைக் கேட்பார்கள், அதைக் கொடுக்கவும் முடியாது, விளையாட்டும் வராது என்றார்.

“நான் சொன்ன பொய்யில ரெண்டாயிரம் பேருக்கு கேம் போய்ச் சேருமுங்க. நீங்க சொல்ற உண்மையில ஒருத்தருக்கும் சேராது. எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க.”

“புதுசா கட்டுதவங்ககிட்ட இதைச் சொன்னீங்களா சார்?”

அந்தக் கேள்வியை அவர் தாண்டிப் போனார். பிறகு, எழுதியதை எடுத்துவிடச் சொன்னார். முடியாது என்றாள். அதுவரை வாக்கியத்துக்கு வாக்கியம் இருந்த ‘ங்க’ காணாமல் போனது.

“தையக்காரி நீ. ஒரு கேம் பண்றதைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? நாலு வருஷம் நான் உசுரக் குடுத்துப் பண்ணுனதுல மண்ணள்ளிப் போடறே. உன்ற மொதலாளி நம்பர் எங்கிட்ட இருக்குது.”

நான்கு மணிக்குக் கந்தப்பன் அவளை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்திப் பேசி அவள் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. உட்காரச் சொன்னார்.

“ஏனுங்கம்மணி, ஆர்டர் குடுக்கற பையர் சமாச்சாரத்தை வீதிக்குக் கொண்டு போலாமுங்களா?”

அவர் பொய் சொல்லிப் பணம் வாங்குகிறார் என்றாள் சித்ராதேவி. அது அவர் பாடு, கட்டியவர்கள் பாடு என்றார் கந்தப்பன். நானும் கட்டியவள்தான் என்றாள்.

“இருக்கட்டுங்க. நாளைக்கு ஜெர்மனிக்காரன் டிசைன் அனுப்பறான். அதை வெளிய சொல்ல மாட்டீங்கன்னு நான் எப்படீங்க நம்பறது?”

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது, அதுதான் அவளுக்குக் கசந்தது. மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தபடி, ராஜ்கமல் ஆர்டரை இன்றே உறுதி செய்வதாகச் சொன்னதாகவும், ஒரு நிபந்தனை போட்டிருப்பதாகவும் கந்தப்பன் சொன்னார். நிபந்தனை என்ன என்று அவள் கேட்கவில்லை. சனிக்கிழமையோடு வேலையிலிருந்து நின்றுகொள்ளும்படி அவர் கேட்டுக்கொண்டார். இரண்டாயிரம் பை அந்தக் கம்பெனிக்கு ஒரு நாள் வேலைகூட இல்லை.

திங்கட்கிழமை துணி வெட்டினார்கள். அன்றே ராஜ்கமல் வீடியோ போட்டார்: கட்டிங் மேஜை, ஓடும் மெஷின்கள், குவிந்து கிடக்கும் பைகள். வெட்டவே இல்லை என்று சொன்னவர்களுக்காக இது என்று எழுதியிருந்தார். கூட்டம் மறுபடி சித்ராதேவியின் பெயரைத் தேடி வந்தது. மன்னிப்புக் கேள் என்றார்கள். எப்போதோ தைத்து முடித்ததாகச் சொன்ன பைகளை இப்போது எதற்கு வெட்டுகிறார்கள் என்று அவள் எழுதினாள். நாகர்கோவில் பெண் ஒருத்தி மட்டும் அதற்கு விருப்பக்குறி போட்டாள். மறுநாள் காலை சித்ராதேவி கட்டிய பணம் அவள் கணக்குக்குத் திரும்பி வந்திருந்தது. பணம் கட்டியவர்களின் பட்டியலிலிருந்து ராஜ்கமல் அவளை நீக்கிவிட்டார். பட்டியலில் இல்லாதவர்கள் அங்கே எதுவும் எழுத முடியாது. முதலில் எழுதிய அந்த மூன்று வரியை அழிக்க மட்டும் அவளால் முடியும். அவளைத் தவிர வேறு யாராலும் அழிக்க முடியாது.

பெருமாநல்லூர் ரோட்டில் வேறொரு கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தாள். பத்தொன்பது வயதில் பார்த்த அதே வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சுரேஷ் வீட்டுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. அவன் எழுதாததைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவனும் பேசவில்லை. ஆனால் ஆட்டத்தில் அவனுக்கு ஒரு கட்டம்கூட விட்டுக்கொடுக்காமல் ஆடித் தோற்கடித்தாள். ஆஷாவுக்குப் பயமாக இருந்தது.

எட்டு மாதம் கழித்து சுரேஷுக்கு மலைச்சந்தை வந்தது. சித்ராதேவி அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது பெட்டி தரையில் திறந்து கிடந்தது. பலகை அழகாக இருந்தது. விதிப்புத்தகத்தின் தாள்கூட வழுவழுவென்று இருந்தது. அவள் உட்காரவில்லை.

“கேம் வந்திருச்சுல்லக்கா,” என்றான் சுரேஷ். “இனியும் அவர் ஏமாத்துனாருன்னு எப்படிச் சொல்லுதீங்க?”

“ஏமாத்துனாருன்னு நான் சொல்லலையே. பை தைக்கலன்னு சொன்னேன். தைக்கல.”

ஆஷா டீ போட எழுந்தாள். சுரேஷ் கட்டைகளை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டே, ராஜ்கமல் உங்களுக்கும் ஒரு பெட்டி தரத் தயாராக இருக்கிறார், அந்த மூன்று வரியை அழித்தால் போதும் என்றான். அடுத்த விளையாட்டு அறிவிக்கப் போகிறாராம், புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் முதலில் படிக்கிறார்களாம்.

“இதை அவரு உங்கிட்ட எதுக்குச் சொல்லுதாரு?”

“நான்தான் அவருக்கு எழுதினேன். நீங்க பாவம்க்கா, உங்களுக்கும் ஒண்ணு கிடைக்கட்டும்னு கேட்டேன்.”

அவனுக்கு அவள்மேல் பிரியம் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். அது தெரிந்தும் கோபம் அடங்கவில்லை.

“அன்னைக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன் உன்னை.”

“எழுதியிருந்தா எனக்கும் இது வந்திருக்காது,” என்றான் சுரேஷ். பெட்டியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

சித்ராதேவி செருப்பைப் போட்டுக்கொண்டாள். அழிக்க மாட்டேன் என்று அவருக்கு எழுதிவிடு என்றாள். இப்படியே இருந்தால் உங்களோடு உட்கார்ந்து ஆட ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று சுரேஷ் வாசல்வரை வந்து சொன்னான். டீ டம்ளருடன் வந்த ஆஷா அவனை உள்ளே போகச் சொன்னாள். அவன் போகவில்லை. சித்ராதேவி வண்டியைத் திருப்பி நிறுத்தி, அவன் முகத்துக்கு நேராக, “நீ நல்லா விளையாடு தம்பி,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அடுத்த ஞாயிறு அவள் போகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை. தை மாதம் ராஜ்கமலின் புதிய விளையாட்டு தளத்தில் வந்தது. முதல் நாளே இலக்கைத் தாண்டியது. கட்டியவர்களின் பட்டியலை சித்ராதேவி கைபேசியில் மெதுவாக மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். சுரேஷின் பெயர் பதினேழாவதாக இருந்தது.