அஞ்சுக்கு மூணு

எண்ணூரில் ஓர் ஆலை வாசல். ஷிப்டு முடிந்த களைப்போடு செங்கொடி பாடப் புத்தகத்தை விரித்தாள். பதினோரு வருடமாக அங்கே ஒப்பந்தக் கூலி. இந்த வருடம் அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு. ஞாயிற்றுக்கிழமை அமெரிக்க வரலாற்றுப் பரீட்சை.

அந்தக் குடியரசு பிறந்த கையோடு, மக்கள் சபையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று கணக்குப் போட, ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணினார்களாம். அடிமைக்கு ஓட்டுக் கிடையாது. அவன் தலையைக் காட்டி வாங்கிய இடத்தில் உட்கார்ந்தவனோ ஆண்டை.

சங்கத் தலைவர் வேலப்பன் வந்தார். "இன்னாம்மா, படிச்சிகினு கீற? கேட் மீட்டிங்குக்கு ஆள் எண்ணணும், எயுந்து நில்லு."

"அடுத்த வாரம் சங்கத் தேர்தல்ல எங்களுக்கு ஓட்டு கீதாண்ணா?"

"காண்ட்ராக்டுக்கு ஏதும்மா ஓட்டு? கூட்டம் காட்டத்தான் நீங்கோ. அப்பத்தான் மேனேஜ்மெண்டு பயப்படும்."

கோபப்படக்கூட அவள் உடம்பில் தெம்பில்லை. புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தாள்.

"அமெரிக்காக்காரனாவது அஞ்சு பேர மூணாத்தான் எண்ணுனான். நீ அஞ்சையும் அஞ்சாவே எண்ணிக்கிறண்ணா."

வேலப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் பக்கம் விரலை நீட்டி, "நாப்பத்தேழு" என்றார். அடுத்த ஆளிடம் போனார்.