சிவந்ததை ஒதுக்குகிறவள்

குமரவேலின் மணிக்கட்டில் சிவப்புப் பட்டையைக் நர்ஸ் கட்டியதும் மலர்கொடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலை ஷிப்டுக்கு மைன்ஸ் ஆட்களை ஏற்றிப் போன வேன் பனிமூட்டத்தில் புளியமரத்தில் மோதியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க ஸ்ட்ரெச்சர்கள். அவள் புருஷனுக்கு வெளியே ஒரு கீறல் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

பட்டை எதற்கென்று நர்ஸ் இசைப்பிரியாவைக் கேட்டாள். நர்ஸ் சுவரிலிருந்த போர்டைக் காட்டி, "ட்ரியாஜ்" என்றாள். புதுச்சேரியில் படித்தவள். அது பிரெஞ்சு வார்த்தை, இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொண்டான் என்று சொன்னபடியே அடுத்த ஆளுக்குப் பட்டை கட்டினாள். தரம் பிரிப்பது என்று அர்த்தமாம். அந்தக் காலத்தில் கம்பளியையும் காப்பிக்கொட்டையையும் பிரிப்பதற்குச் சொன்ன வார்த்தையாம். போர்க்களத்தில்தான் மனுஷருக்கு வந்ததாம். பேச்சுக் கொடுத்தால் இவள் கொஞ்சம் தேறுவாள் என்று நினைத்தாளோ என்னவோ.

வினையே அங்கேதான். மலர்கொடி காடாம்புலியூர் முந்திரி கம்பெனியில் தரம் பிரிப்பவள். முழுசாக, வெள்ளையாக இருப்பதுதான் அங்கே முதலில் டப்பாவுக்குப் போகும். தீய்ந்து சிவந்ததை ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். எதிரே நடமாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாருக்கும் பச்சைப் பட்டை. ஆக, புருஷனைக் கழித்துக் கட்டிவிட்டார்கள். பாவி மனசு கெட்டதைத்தானே முதலில் நினைக்கும்!

டீ குடிக்கப் போன ஒருவன் அவிழ்த்துப் போட்ட பச்சைப் பட்டை பெஞ்சில் கிடந்தது. குமரவேலின் சிவப்பை அவிழ்த்துவிட்டு அதை மாற்றிக் கட்டினாள்.

டாக்டர் வந்தார். குமரவேலின் கையைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார். பக்கத்தில் சிவப்புக் கட்டியிருந்த ஆளை அவசர அவசரமாக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்துப் போனவனுக்கும் சிவப்புதான். குமரவேலின் முனகல் நின்றிருந்தது. சிவப்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"எம்மா, இவரு செவப்புங்க. நான்தான் மாத்திக் கட்டிட்டேன்."

இசைப்பிரியா திட்டவில்லை. அவன் நாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

மலர்கொடி சாத்திய கதவின் முன் தரையில் உட்கார்ந்தாள். கொன்றுவிட்டோமே என்பதைத் தவிர வேறு நினைப்பு ஓடவில்லை.

வெகுநேரம் கழித்து நர்ஸ் வெளியே வந்தாள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, ஆபரேஷன் நடக்கிறது, உயிர் இருக்கிறது என்றாள். பிறகு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"செவப்புன்னா என்னன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டா, ஆமா ஒதுக்கிட்டோம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துகினு இருந்தேம்மா" என்றாள் மலர்கொடி.