மேற்குச் சுவரின் இரண்டு பச்சைகள்

தையல்காரி எந்த நூலையும் பகல் வெளிச்சத்தில் துணியோடு வைத்துப் பார்த்துத்தான் எடுப்பாள். அதனால் ஜன்னலைத் திறந்ததுமே மேற்குச் சுவரில் இரண்டு பச்சை இருப்பது அவள் கண்ணில் பட்டுவிட்டது. சுவர் முழுக்க ஒரு பச்சை. நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும், துளி பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தது. பதினெட்டு வருடம் வாடகை வீடுகளில் கழித்துவிட்டு வாங்கிய வீடு. நேற்றுதான் சாவி கைக்கு வந்தது. பிள்ளை பெற்ற மகள் இன்று இந்த அறைக்குத்தான் வருகிறாள். தொட்டிலைக்கூட அந்தச் சுவரோரம் போட்டாயிற்று.

“தண்ணிய ஊத்தி அடிச்சிருக்கீங்க,” என்றாள், சுவரைப் பார்க்க வரச்சொல்லியிருந்த பெயின்டரிடம்.

அவருக்குச் சுருக்கென்றது. “ஒரே டப்பாக்கா. மூணு வருஷம் முன்னாடி என் கையால அடிச்சேன். அன்னிக்குப் பூட்டின வீடு.” நிற அட்டையை விரித்துச் சுவரில் வைத்தார். சுவரின் நிறம் அட்டையில் நாற்பத்தொன்றாம் எண். பட்டை அதைவிட ஒரு படி வெளுத்த நாற்பத்திரண்டு. “குழந்தை வர்ற அன்னிக்கு வாசனை வேணாம். கலர மட்டும் குறிச்சுக்கறேன்.”

சமையலறையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். அட்டையை மறுபடி வைத்தார். பட்டையும் இப்போது நாற்பத்தொன்று.

“அதெப்படிங்க?”

கேட்டால் போதும், அவருக்கு உற்சாகம் வந்துவிடும். “ரெண்டு கலரே இல்லக்கா! இந்தப் பெயின்ட் ஈரமா இருக்கறப்ப பாலாட்டம் வெளுத்துத் தெரியும். தண்ணி போகப் போக அந்தப் பால் கண்ணாடி மாதிரி ஆயிடும். அப்பதான் உள்ள இருக்கற நெஜ நிறம் வெளிய வரும். அரை மணி நேரத்துல நிறம் ஒரு படி அடர்த்தியாயிடும். அப்ப இது இப்பத்தான் யாரோ அடிச்ச...”



அவள்தான் முதலில் பார்த்தாள். காய்ந்த பட்டையை ஒட்டி, தொட்டில் பக்கமாக இன்னொரு பட்டை வெளுத்திருந்தது. விரலை வைத்தாள். ஜில்லென்று பச்சை ஒட்டிக்கொண்டது.

“விளையாடாதீங்க.”

“உங்ககூடத்தானேக்கா உக்காந்திருந்தேன். பிரஷ்ஷே எடுத்து வரல.”

வேண்டாம், இன்று வரவேண்டாம் என்று சொல்ல மகளுக்குப் போன் போட்டாள். மகளின் போன் மணி வாசலிலேயே ஒலித்தது. கார்க் கதவு சாத்தும் சத்தம், பிறகு, “அம்மா, இவனக் கொஞ்சம் வாங்கிக்கோயேன்,” என்ற மகளின் குரல், குழந்தையின் அழுகை.

தொட்டிலை இழுக்கக் குனிந்தாள். புதிய பட்டையின் மேல் விளிம்பில் ஒரு துளி திரண்டது. மெல்ல வழிந்து, தொட்டில் விளிம்பின் உயரத்துக்கு வந்ததும் நின்றது.